முழங்காலுக்குக் கீழே அசைவில்லை, சேணத்தில் வெள்ளிப் பதக்கம்: லிஸ் ஹார்டெல் நிகழ்வு ஆய்வு

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தின் டிரெஸ்ஸாஜ் பிரிவில் (குதிரையை நுட்பமான சமிக்ஞைகளால் வரையறுத்த அசைவுகளைச் செய்யவைக்கும் போட்டி) டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் வெள்ளிப் பதக்கம் வென்றார். வயது 31. இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே செயலற்றிருந்தன. குதிரை மேல் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் இன்னொருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது. தங்கம் வென்ற ஸ்வீடன் வீரர் ஹென்றி செயிண்ட் சிர் பெற்றது 561 புள்ளி, ஹார்டெல் 541.5, வெண்கலம் வென்ற பிரான்சின் ஆந்த்ரே ஜூசோம் 541. நான்கு ஆண்டு கழித்து, 1956இல், அதே ஜூபிலி என்ற பெட்டைக் குதிரையில் மீண்டும் வெள்ளி. அந்த முறை தங்கத்துக்கு 860, அவருக்கு 850.

இதை மன உறுதியின் கதையாகச் சொல்லி முடித்துவிடுவதுதான் வழக்கம். உறுதி இருந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் உடலியக்கம் படிப்பவருக்கும், உடம்பைத் தேற்றிக்கொள்ள குதிரை ஏற நினைப்பவருக்கும் அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று இதில் இருக்கிறது. தொடர்ந்து சவாரி செய்வது உடம்பின் எந்தப் பகுதிக்கு வேலை கொடுக்கிறது? எந்தப் பகுதியைத் தொடுவதே இல்லை? ஹார்டெலின் உடம்பில் இந்த இரண்டும் கோடு போட்டதுபோல் பிரிந்து தெரிகின்றன.

நோயும் மீட்சியும்

ஹார்டெல் 1921இல் பிறந்தவர். 1943, 1944 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் டென்மார்க்கின் டிரெஸ்ஸாஜ் சாம்பியன். 1944 செப்டம்பரில், இரண்டாவது குழந்தையைக் கருவில் சுமந்திருந்தபோது, போலியோ தாக்கியது. வயது 23. தொடைகள், கைகள் எல்லாம் பாதிக்கப்பட்டன. குழந்தை நலமாகப் பிறந்தது. கையைத் தூக்குவது, பிறகு தவழ்வது, பிறகு ஊன்றுகோல் வைத்து நடப்பது என்று மீட்சி படிப்படியாக வந்தது; ஊன்றுகோலுடன் நடக்கச் சுமார் எட்டு மாதம் ஆயிற்று. பெரும்பாலான தசைகள் ஓரளவு திரும்பின. முழங்காலுக்குக் கீழே எதுவும் திரும்பவில்லை. கைகளிலும் பலவீனம் மிச்சமிருந்தது. நோய் வந்து மூன்றாம் ஆண்டில், 1947இல், ஸ்காண்டிநேவியப் போட்டியில் பெண்கள் டிரெஸ்ஸாஜில் இரண்டாம் இடம் பிடித்தார்.

1948 வரை ஒலிம்பிக் குதிரையேற்றம் பெரும்பாலும் ராணுவ அதிகாரிகளின் களமாகவே இருந்தது. 1952இல்தான் டிரெஸ்ஸாஜ் பெண்களுக்கும் பொதுமக்களுக்கும் திறந்தது. அந்த ஆண்டு களமிறங்கிய நான்கு பெண்களில் ஹார்டெல் ஒருவர். ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே தேர்வு, ஒரே மதிப்பெண் பட்டியல்.

போலியோ எதை எடுத்தது, எதை விட்டுவைத்தது

போலியோ வைரஸ் தண்டுவடத்தின் முன்கொம்பில் உள்ள இயக்க நரம்புச் செல்களைக் கொல்கிறது. ஒரு செல் செத்தால் அது இயக்கிய தசைநார்கள் அனாதையாகிவிடும். பக்கத்தில் பிழைத்திருக்கும் செல்கள் புதிய கிளை விட்டு அந்த நார்களில் ஒரு பகுதியைத் தத்தெடுத்துக்கொள்ளும். முதல் சில மாதங்களில் வரும் மீட்சியில் பெரும்பங்கு இந்த வழியாக வருவது. ஹார்டெலின் தொடையும் உடற்பகுதியும் திரும்பியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதைக் குதிரையின் கணக்கில் எழுதுவது தவறு. கீழ்க்காலில் தத்தெடுக்கப் போதுமான செல்களே மிஞ்சவில்லை. எத்தனை ஆண்டு சேணத்தில் உட்கார்ந்தும் அங்கே மாற்றம் வராததற்குக் காரணம் அதுதான்.

இதைவிட முக்கியமான ஒன்று பெரும்பாலும் பேசப்படுவதில்லை. போலியோ உணர்வு நரம்புகளைத் தொடுவதில்லை. கால் அசையாது, ஆனால் தொடுவதும் அழுத்துவதும் மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதும் தெரியும். குதிரையின் விலாப் பக்கம் எப்போது விரிகிறது, எந்தப் பின்கால் தரையை விட்டு எழுகிறது என்பதை ஹார்டெலின் உடம்பு முழுதாக உணர்ந்துகொண்டிருந்தது. டிரெஸ்ஸாஜில் சமிக்ஞை கொடுக்கும் நேரம் அரை நொடி பிசகினாலும் குதிரை தடுமாறும். நேரத்தைச் சொல்லும் உணர்வு அவரிடம் பழுதில்லாமல் இருந்தது. பக்கவாதத்தில் உணர்வும் சேர்ந்து மங்கியவருக்கும் தண்டுவடக் காயத்தில் உணர்வே அறுந்துபோனவருக்கும் இதே பலனை அப்படியே வாக்களிக்க முடியாதது இதனால்தான்.

ஆரோக்கியமான சவாரிக்காரர் கெண்டைக்காலை குதிரையின் வயிற்றோடு ஒட்டி அழுத்தி அதை முன்னே செலுத்துவார். ஹார்டெலுக்கு அது இல்லை. தொடை, உட்காரும் எலும்புகளின் மீது எடையை இடம் மாற்றுவது, முதுகையும் வயிற்றையும் இறுக்கித் தளர்த்துவது ஆகியவற்றையே மொழியாக்கி, ஜூபிலியை அதற்குப் பழக்கினார். இது ஆண்டுக்கணக்கில் நடந்த பயிற்சி. உடற்பகுதியின் ஆழ்தசைகள் அத்தனை ஆண்டும் ஒவ்வொரு அடிக்கும் வேலை செய்தன.

குதிரையின் நடை, மனிதரின் இடுப்பு

குதிரைக்கு மூன்று அடிப்படை வேகங்கள்: நான்கு தாள நடையான வாக், இரண்டு தாள டிராட், மூன்று தாள கேன்டர். உடற்பயிற்சி என்றதும் எல்லோருக்கும் கேன்டர்தான் நினைவுக்கு வரும். ஆனால் உடம்பைச் சீர்ப்படுத்தும் பெரும் வேலை வாக்கில் நடக்கிறது.

வாக்கில் குதிரை மணிக்கு 6 முதல் 7 கிலோமீட்டர் போகும். நிமிடத்துக்கு 50 முதல் 60 முழு எட்டுகள் (நான்கு காலையும் ஒருமுறை எடுத்துவைப்பது ஓர் எட்டு). ஒவ்வொரு எட்டிலும் இடப் பின்கால் ஒருமுறை, வலப் பின்கால் ஒருமுறை முன்னே வருகிறது. பின்கால் எழும்போது குதிரையின் அந்தப் பக்க முதுகு தாழ்கிறது. மேலே உட்கார்ந்திருப்பவரின் இடுப்பெலும்பும் அந்தப் பக்கம் தாழ்ந்து, சற்றே திரும்பி, முன்னும் பின்னும் சாய்கிறது. ஆக நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை இடுப்பு மூன்று திசைகளில் அசைக்கப்படுகிறது. மனிதர் இயல்பாக நடக்கும்போது வைக்கும் அடிகளும் நிமிடத்துக்கு ஏறத்தாழ இதே அளவு. இடுப்பின் அசைவுப் பாதையும் மிக நெருக்கமானது. நடக்க முடியாத ஒருவரின் இடுப்புக்கும் முதுகுக்கும் நடையின் அசைவை 20 நிமிடத்தில் 2,000 தடவைக்கு மேல் கொடுக்க வேறு எளிய வழி இல்லை.

ஒவ்வொரு அசைவுக்கும் தலையையும் தோளையும் நடுக்கோட்டில் நிறுத்த வயிற்றின் ஆழ்தசைகள், முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகள், இடுப்புத்தளத் தசைகள் எல்லாம் இறுகித் தளர்கின்றன. யாரும் எண்ணிச் செய்வதில்லை. விழாமல் இருக்க உடம்பு தானாகவே செய்துகொள்கிறது. குதிரையின் உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். கால்களை அகட்டி உட்காரும்போது இறுகிய உள்தொடைத் தசைகள் அந்த வெதுவெதுப்பிலும் தாளத்திலும் மெல்ல நீள்கின்றன. மூளைவாதம் உள்ள 15 குழந்தைகளை வைத்து 2003இல் வெளியான ஓர் ஆய்வில், 8 நிமிடம் நடக்கும் குதிரை மேல் உட்கார்ந்த குழந்தைகளுக்கு இடவல தசைகளின் சமச்சீர் மேம்பட்டது. அசையாத பீப்பாய் மேல் அதே 8 நிமிடம் கால் அகட்டி உட்கார்ந்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. நீட்டி உட்கார்வது மட்டும் போதாது, அசைவு வேண்டும் என்பது அதில் தெரிந்தது.

எவ்வளவு உழைப்பு

சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவிடும் ஆற்றலை ஒரு மெட் என்று வைத்துக்கொண்டால், வாக் 3.8, டிராட் 5.8, கேன்டர் 7.3 மெட். மூன்றுக்கு மேல் மிதமான உழைப்பு, ஆறுக்கு மேல் கடுமையானது. 60 கிலோ எடை உள்ளவர் 20 நிமிடம் வாக், 15 நிமிடம் டிராட், 5 நிமிடம் கேன்டர் செய்தால் மொத்தம் சுமார் 200 கலோரி. அதே 40 நிமிடம் வேகமாக நடந்தால் 170க்குச் சற்று மேல். எனவே எடை குறைப்பதற்காகக் குதிரை ஏறுகிறேன் என்பவருக்கு ஒழுங்கான வேகநடையே கிட்டத்தட்ட அதே பலனை இலவசமாகத் தரும். குதிரையேற்றத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் சமநிலையும் உடற்பகுதி வலுவும். கலோரி அதன் பின்னால் வருவது.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பும், இரண்டு நாள் தசை வலுப் பயிற்சியும் சொல்கிறது. வாரம் மூன்று சவாரி முதல் கணக்கை நெருங்கும். இரண்டாவதை முழுதாக நிறைவேற்றாது: தோள், மார்பு, கெண்டை ஆகியவற்றுக்குச் சேணத்தில் சுமை குறைவு. கால் எலும்புகள் உடல் எடையைத் தாங்குவதும் இல்லை, ஆகவே எலும்பு அடர்த்திக்கு நடையும் படியேற்றமும் தனியாக வேண்டும். இந்தக் குறையில் பெரும்பகுதியை லாயத்து வேலை ஈடுகட்டும். ஒரு குதிரை நாளுக்கு 25 முதல் 50 லிட்டர் தண்ணீர் குடிக்கும். 12 லிட்டர் வாளிகளைச் சுமப்பது, சாணம் வாருவது, இரு கையாலும் மாற்றி மாற்றி உடல் தேய்ப்பது எல்லாம் நல்ல உடற்பயிற்சி. ஆள் சேணம் பூட்டித் தர, ஏறி இறங்கி வீட்டுக்குப் போகிறவர் பாதிப் பலனை லாயத்திலேயே விட்டுவிட்டுப் போகிறார்.

ஹார்டெலுக்குப் பின் வந்த சோதனைகள்

ஹெல்சிங்கி வெற்றிக்குப் பிறகு ஐரோப்பாவில் இயன்முறை மருத்துவர்கள் போலியோ பாதித்த குழந்தைகளைக் குதிரை மேல் ஏற்றத் தொடங்கினார்கள். 1969இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதற்கென்று தேசிய அமைப்புகள் உருவாயின. 1996 அட்லாண்டாவில் டிரெஸ்ஸாஜ் பாராலிம்பிக் போட்டியாயிற்று.

ஒரு சாம்பியனின் கதை மருத்துவச் சான்று ஆகாது. அவர் நோய்க்கு முன்பே நாட்டின் சிறந்த சவாரிக்காரர். இயல்பான மீட்சியும் அதே காலத்தில் நடந்தது. ஒப்பிட இன்னொருவர் இல்லை. அதனால் பின்னர் வந்த கட்டுப்பாட்டுச் சோதனைகளுக்கு மதிப்பு அதிகம். ஸ்வீடனின் கோதன்பர்கில் பக்கவாதம் வந்து பத்து மாதம் முதல் ஐந்து ஆண்டு ஆன 123 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வாரம் இருமுறை என்று 12 வாரம் குதிரைச் சிகிச்சை, இன்னொன்றுக்குத் தாள இசைப் பயிற்சி, மூன்றாவது காத்திருப்புக் குழு. தாங்கள் தேறியிருப்பதாக உணர்ந்து குறிப்பிடத்தக்க முன்னேற்றம் சொன்னவர்கள் குதிரைக் குழுவில் 56 விழுக்காடு, இசைக் குழுவில் 38, காத்திருந்தவர்களில் 17. ஜெர்மனியில் ஐந்து மையங்களில் மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளைப் பாதிக்கும் நோய்) உள்ள 70 பேரிடம் 12 வாரம் நடந்த சோதனையில், 56 புள்ளி கொண்ட பெர்க் சமநிலை அளவுகோலில் குதிரைக் குழு மற்றக் குழுவைவிட 2 புள்ளிக்குச் சற்று மேல் முன்னேறியது. பெரிய எண் இல்லை. ஆனால் நோய் முற்றியவர்களிடம் பலன் கூடுதலாக இருந்தது. யார் குதிரையில் ஏறினார் என்பதை மறைத்து வைக்க இந்தச் சோதனைகளில் வழியில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பன்னிரண்டு வார ஒழுங்கு

மேற்கண்ட சோதனைகளின் கால அளவையே உடல்நலத்துக்காக ஏறும் சாதாரணப் பெரியவருக்கும் வைத்துக்கொள்ளலாம். தொடங்கும் முன் மூன்று அளவுகள் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்: கண் திறந்து ஒற்றைக் காலில் நிற்கும் நொடிகள் (இரு காலிலும்), 30 நொடியில் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழும் தடவைகள், 6 நிமிடத்தில் நடக்கும் தூரம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை திரும்ப எடுக்க வேண்டும். முதல் அளவில்தான் மாற்றம் முதலில் தெரிய வாய்ப்பு அதிகம்.

முதல் நான்கு வாரம்: வாரம் இருமுறை, 30 நிமிடம், வாக் மட்டும். சுற்றிச் சுற்றி ஒரே வேகத்தில் போனால் பத்தாவது நிமிடத்தில் உடம்பு பழகி வேலையை நிறுத்திவிடும். அதனால் 20 எட்டுக்கு ஒருமுறை நிறுத்திக் கிளப்ப வேண்டும். நிறுத்தமும் கிளம்பலும் உடற்பகுதியை முன்பின்னாகச் சோதிக்கும். 20 மீட்டர் வட்டமும் பாம்புவளைவும் பக்கவாட்டில் சோதிக்கும். சிறு மேடு இருந்தால் ஏற்றி இறக்க வேண்டும். கடைசி 10 நிமிடம் அங்கவடியிலிருந்து (சேணத்தில் தொங்கும், பாதம் வைக்கும் வளையம்) பாதத்தை எடுத்துவிட்டுப் போவதுதான் இந்தக் கட்டத்தின் உயிர். அப்போது குதிரையை வேறொருவர் பிடித்து நடத்த வேண்டும்.

அடுத்த நான்கு வாரம் எழுந்தமர்ந்து செல்லும் டிராட்: ஒரு நிமிடம் டிராட், இரண்டு நிமிடம் வாக், ஐந்து அல்லது ஆறு சுற்று. குதிரையின் எந்தப் பக்கக் காலோடு சேர்ந்து எழுகிறோம் என்பதைச் சுற்றுக்குச் சுற்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் குதிரையின் முதுகும் சவாரிக்காரரின் இடுப்பும் ஒரு பக்கமாகவே வளரும். கடைசி நான்கு வாரம் டிராட்டை மூன்று நிமிடமாக நீட்டி, பயிற்றுநர் சம்மதித்தால் மட்டும் கேன்டர்.

அங்கவடியின் நீளத்தைத் தரையில் நின்றே ஏறக்குறையக் கணிக்கலாம்: விரல்நுனி சேணத்தில் வார் தொங்கும் கம்பியைத் தொட, அங்கவடி அக்குளைத் தொட வேண்டும். ஏறி உட்கார்ந்து ஐந்து நிமிடம் நடந்த பிறகு வயிற்றுவாரை மறுபடி இறுக்குவது கட்டாயம். பூட்டும்போது குதிரை வயிற்றை உப்பிக்கொள்வதால் வார் பின்னர் தளரும், சேணம் பக்கவாட்டில் சுழலும்.

எங்கே பிழைக்கிறது, ஏன்

முதல் பிழை முழங்காலால் கவ்விப் பிடிப்பது. பயத்தில் வரும் இயல்பு. முழங்கால் இறுகினால் உள்தொடை இறுகும், அது இடுப்பைப் பூட்டும், பூட்டிய இடுப்பு அசைவை வாங்காமல் முதுகெலும்புக்குத் தள்ளும். சவாரிக்குப் பிறகு கீழ்முதுகு வலிப்பவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். உள்தொடையில் 24 முதல் 72 மணி நேரம் வரும் வலி வேறு. அது புதிய உழைப்பின் சாதாரண வலி, தானே போகும்.

இரண்டாவது, நாற்காலியில் சாய்ந்தாற்போல் கால் முன்னே நீள உட்கார்வது. காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் பக்கவாட்டில் பார்க்க ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். குதிகால் முன்னே போனால் எடை சேணத்தின் பின்விளிம்பில் விழுந்து குதிரையின் முதுகையும் சவாரிக்காரரின் முதுகையும் நோகடிக்கும்.

மூன்றாவது மிகப் பரவலானது, குதிரைக்கும் கொடுமையானது: லகானைப் பிடித்துச் சமநிலை தேடுவது. இழுக்கும் எடை முழுவதும் கடிவாள இரும்பு வழியாக வாயில் இறங்குகிறது. வலிக்கும் குதிரை தலையைத் தூக்கும், முதுகைக் குழிக்கும், குழிந்த முதுகு விறைப்பாகத் தூக்கிப் போடும், தூக்கிப் போடப்பட்டவர் இன்னும் இறுக இழுப்பார். இந்தச் சுழல் தொடங்கிவிட்டால் அன்று பயிற்சி இல்லை. லகானை விட்டு, சேணத்தின் முன்பக்கத்திலோ கழுத்துப் பட்டையிலோ கை வைத்து, வாக்குக்குத் திரும்ப வேண்டும்.

நொண்டும் குதிரையிலோ ஒரு பக்கம் சரிந்த சேணத்திலோ ஏறினால் மேலே உட்காருபவரின் உடம்பும் அந்தக் கோணலையே ஒவ்வொரு அடியிலும் பயிலும். நிமிடத்துக்கு 100 தடவை என்ற கணக்கு நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒன்றுதான்.

விழுதலும் விலக்கும்

குதிரை மேல் இருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குதிரையேற்றத்துக்கென்று தரச்சான்று பெற்ற தலைக்கவசம் வேண்டும். சைக்கிள், கிரிக்கெட் கவசங்கள் இந்த மோதலுக்குச் செய்யப்பட்டவை அல்ல. ஒருமுறை பலமாக மோதிய கவசத்தை வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். குதிகால் சற்று உயர்ந்த காலணி பாதம் அங்கவடிக்குள் நுழைந்து மாட்டாமல் காக்கும். கணுக்கால் தூக்க முடியாதவருக்கு முன்பக்கம் மூடிய அங்கவடி வேண்டும். எந்த நிலையிலும் ஆளைச் சேணத்தோடு கட்டக் கூடாது. லாயத்தில் நடமாடுபவர்கள் டெட்டனஸ் தடுப்பூசியைக் காலம் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும்.

கட்டுக்குள் வராத வலிப்பு, கடுமையான எலும்புப்புரை, இடுப்பு மூட்டு நழுவல், அண்மையில் நடந்த முதுகெலும்பு அறுவை, ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து, கர்ப்பம் ஆகியவை இருந்தால் மருத்துவர் சொல்லாமல் ஏறக் கூடாது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவருக்குக் கழுத்தின் முதலிரண்டு எலும்புகளுக்கிடையே தளர்வு உண்டா என்று முதலில் பரிசோதிக்க வேண்டும். ஹார்டெல் கர்ப்பத்தில் நோயுற்றார், பின்னர் சாதித்தார் என்பது கர்ப்பிணிகள் சவாரி செய்யலாம் என்பதற்குச் சான்று ஆகாது.

இந்தியாவில் போலியோ ஒழிந்துவிட்டது. ஆனால் அந்த நோயைக் கடந்துவந்த பெரியவர்கள் நம்மிடையே நிறையப் பேர் வாழ்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. பிழைத்த நரம்புச் செல்கள் பல்லாண்டாகக் கூடுதல் சுமை தாங்கி வருபவை. பல பத்தாண்டு கழித்துப் புதிய பலவீனம் தலைகாட்டலாம். அவர்கள் களைப்பின் எல்லை வரை பயிற்சி செய்யவே கூடாது. 10 நிமிட வாக்கில் தொடங்க வேண்டும். மறுநாள் காலையிலும் களைப்பு நீடித்தால் அடுத்த முறை நேரத்தைப் பாதியாக்க வேண்டும், கூட்டக் கூடாது.

குதிரைக்கும் எல்லை உண்டு. ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 25ஐத் தொடும்போது தசை வலியின் அறிகுறிகள் கூடுகின்றன. 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. சேணம் 8 கிலோ என்றால் ஏறுபவர் 72 கிலோவுக்குள் இருக்க வேண்டும். சமநிலை இன்னும் வராதவரின் சுமை, அதே எடையுள்ள தேர்ந்தவரின் சுமையைவிடக் குதிரைக்குக் கடினம். எனவே தொடக்கநிலையில் உள்ளவருக்கு இந்தக் கணக்கில் இன்னும் ஐந்து கிலோ குறைத்துக் குதிரையைத் தேர்ந்தெடுங்கள்.